ஆவாரை நாற்றுக்குத் தேவை நிழலா, நீரா?

ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். 1950 முதல் நாடெங்கும் கன்று நடும் காலம் அது. மேற்குக் கடற்கரைக்கு மிகப் பொருத்தம். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் அப்போது வீசுவதோ பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்று. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில்தான். பள்ளியில் நட்ட கன்று ஏன் பட்டுப்போனது என்று கேட்டால், "தண்ணி பத்தலீங்க டீச்சர்" என்பார்கள் பிள்ளைகள். அது பாதி விடை. மீதிப் பாதியை அவர்களே கண்டறிய ஆவாரை உதவும்.

சாலையோரத்தில் தானாக வளரும் வறண்ட நிலக் குறுஞ்செடி அது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதால் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். விதையின் தோல் கடினமானது. சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு சீராக இருக்கும். பொங்கல் முடிந்ததும் விதைத்தால் ஆண்டுத் தேர்வுக்குள் சோதனை முடியும். ஆவாரையின் ஆணிவேருக்குப் பால் பையின் ஆழம் போதாது. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் துளையிட்டு, வேரில் வெளிச்சம் படாதபடி செய்தித்தாள் சுற்றிக்கொள்ளலாம்.

நாற்று நான்கு இலை விட்டதும் நான்கு குழுக்களாகப் பிரிக்க வேண்டும்: வெயிலில் தினம் நீர், வெயிலில் வாரம் ஒருமுறை நீர், தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் தினம் நீர், அதே பந்தலின் கீழ் வாரம் ஒருமுறை நீர். குழுவுக்கு ஐந்து நாற்றாவது வேண்டும். ஒன்று செத்தால் அதை வைத்து முடிவு சொல்லக் கூடாதே. மண், பாட்டில், ஒருமுறை ஊற்றும் அளவு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். நிழலையும் நீரையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் வளர்ந்தது என்று கேட்பதுதான் நம் செய்முறைகளில் அடிக்கடி காணும் குறை.

என் எட்டாம் வகுப்பில், நிழலில் தினம் நீர் பெற்றவை எல்லாவற்றிலும் உயரமாக வந்தன. வகுப்பே அவற்றுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தது. பிறகு பாட்டிலை வெட்டி வேரைக் கழுவினோம். தண்டு நீளம், வேர் குட்டை. வெயிலில் வாரம் ஒருமுறை நீர் பெற்றவற்றில் சில காய்ந்துபோயின. பிழைத்தவை குட்டையாக இருந்தாலும் வேர் அடி வரை இறங்கியிருந்தது. வாரம் ஒருமுறை நீர் பெற்றவற்றுள் நிழலில் இருந்தவையே அதிகம் பிழைத்தன.

காரணம் இதுதான். நிழலில் இலையின் சூடு குறைகிறது, நீராவிப்போக்கு குறைகிறது, மண்ணின் ஈரமும் நாள்பட நிற்கிறது. ஆகவே நீர் குறையும்போது நிழல் உயிர் காக்கிறது. ஆனால் ஒளி போதாத செடி, தன் உணவைத் தண்டுக்கும் இலைக்கும் செலவிட்டு ஒளியைத் தேடுகிறது. நீர் போதாத செடி வேருக்குச் செலவிடுகிறது. இரண்டு வேலையையும் சிறு நாற்று ஒருசேரச் செய்ய முடியாது. நிழலும் நீரும் தாராளமாகப் பெற்று வளர்ந்த கன்றைத் திடீரென வெட்டவெளியில் நட்டால், பெரிய இலைப்பரப்புக்கு நீர் கொடுக்க அந்த வேரால் ஆகாது. நாற்றங்கால்காரர்கள் நடுவதற்குச் சில வாரம் முன்பே நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

இயற்கையில் நிழலுக்கு வேறொரு விலையும் உண்டு. அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்தில் சகுவாரோ என்னும் பெருங்கள்ளியின் நாற்று, வேறு மரம் அல்லது புதரின் அடியில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. அதைச் செவிலிச்செடி என்கிறார்கள். நம் கொறங்காட்டில் கிளுவை வேலியோரம் உட்கார்ந்து பார்த்தால், முள்ளின் காவலில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று பிள்ளைகள் எண்ணலாம். ஆடு வாய் வைக்க முடியாததும் ஒரு காரணம் என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் கீற்றுப் பந்தல் நீர் குடிக்காது, மரம் குடிக்கும். கடும் வறட்சியில் செவிலியே நாற்றுக்குப் போட்டியாகிவிடலாம்.

எங்கள் பள்ளியில் இப்போது கன்று நடுவது ஐப்பசி முதல் மழைக்குப் பின். முதல் கோடைக்கு மேற்குப் பக்கம் மட்டும் ஒரு கீற்று சாய்த்து வைக்கிறோம். விடுமுறையில் தண்ணீரைத் தினம் கொஞ்சமாகத் தெளிக்காமல், வாரம் ஒருமுறை குழி நிறைய ஊற்றச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் முறை பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.