வீட்டை இழுக்கும் லாரி: வாங்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கி, லாரியில் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அதற்குள் உண்டு. அதற்குக் 'காம்பர்' என்று பெயர். இழுப்பதற்குப் 'பிக்கப்' என்னும் திறந்த லாரி வேண்டும். எந்த லாரியை வாங்குவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஆயுள் சேமிப்பு மட்டுமல்ல, உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

பெயரும் உண்மையும்

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று தரம் பிரிப்பது அங்கே பழைய வழக்கம். போர்டு கம்பெனியின் எப்-150, எப்-250, எப்-350 ஆகியவை முறையே இந்த மூன்று தரங்கள். இன்றைய வண்டிகள் பெயரைவிட அதிகமாகவே சுமக்கும். சரியான அளவு, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை அது சொல்லும்.

விளம்பரங்களோ எத்தனை டன் இழுக்கும் என்பதையே பெரிதாகச் சொல்லும். இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு.

கணக்கு இதுதான்

பெரிய காம்பரின் முன்பகுதி லாரியின் பின்தட்டில் உட்காரும். அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு லாரியின் மேல் விழும். காம்பர் 5,000 கிலோ என்றால், இது 1,000 கிலோ. கணவன் மனைவி 150 கிலோ, இணைப்புக் கருவி 80 கிலோ, மற்ற சாமான் 70 கிலோ. ஆக 1,300 கிலோ. கதவுச் சீட்டில் 1,100 கிலோ என்று இருந்தால், எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் அந்த லாரி உதவாது. டயர், ஸ்பிரிங், அச்சு மூன்றும் அடிபடும்.

மலையேறுவதற்கு டீசல் எஞ்சினே மேல். ஆனால் அது பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. அந்தக் கனமும் சுமக்கும் அளவிலிருந்தே கழிகிறது. ஆகவே பெரிய காம்பருக்கு முக்கால் டன் டீசல் லாரி பல சமயம் போதாது. ஒரு டன் லாரியே தேவைப்படுகிறது.

ஆபத்து இறக்கத்தில்

கொலராடோ மாநிலத்தில் 1973-ல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை, கடல் மட்டத்திலிருந்து 3,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. சக்தி போதாத வண்டி ஏற்றத்தில் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடேறிவிட்டால் வண்டி நிற்காது. அப்படி ஓடிவரும் வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். கண்டாலா மலைப்பாதையில் லாரிகள் தாழ்ந்த கியரில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியில் எஞ்சின் பிரேக்கும், காம்பரில் தனி பிரேக்கும் அவசியம்.

முதலில் காம்பரைத் தேர்ந்தெடுத்து, பிறகு லாரியைத் தேடுவதே முறை. கம்பெனி தரும் எடை காலி வண்டியின் எடைதான். 200 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 200 கிலோ கூடிவிடும். எல்லாச் சாமானையும் ஏற்றி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களே நிம்மதியாகப் போய்த் திரும்புகிறார்கள்.