முன்பக்கம் இல்லாத மேடை

மட்டக்களப்பில் முதன்முதலாகக் கூத்துப் பார்க்கப் போகிறவர் கேட்பது, "எங்க இருந்தா நல்லாத் தெரியும்?" என்பதுதான். எங்கே இருந்தாலும் தெரியும். கூத்துக்களரி வட்டமானது. மண்ணைச் சற்று உயர்த்திக் கட்டி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டியிருப்பார்கள். நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியார் நிற்பார். அவரோடு சல்லரி போடுபவரும், கொப்பி பார்ப்பவரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். ஆட்டக்காரர் இவர்களைச் சுற்றி ஆடுவார்கள், ஊர் அவர்களைச் சுற்றி இருக்கும். இந்த மேடைக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

பார்க்க வந்தவர்களையும் தனக்குள் எடுத்துக்கொள்ளும் நாடகத்துக்கு இம்மெர்சிவ் தியேட்டர் என்று இன்று பெருநகரங்களில் பெயர். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய பஞ்ச்ட்ரங்க் குழு இதில் பேர்பெற்றது. மெக்பெத் கதையை வைத்து அவர்கள் ஆக்கிய 'ஸ்லீப் நோ மோர்' நியூயோர்க்கில் 2011 முதல் 2025 ஜனவரி வரை நடந்தது. பல மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் அதற்கு அரங்கு. பார்வையாளர் வெள்ளை முகமூடி அணிந்து, வாய் பேசாமல், தாம் விரும்பிய நடிகரின் பின்னால் அறை அறையாகப் போகலாம். அங்கே முகத்தை மறைத்துக்கொண்டவருக்கே உள்ளே போக அனுமதி. மட்டக்களப்புக் களரியில் நடப்பது இதற்கு நேர்மாறு. இங்கே எல்லோருடைய முகமும் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எல்லோருக்கும் உறவு. இரண்டு வழியிலும் பார்வையாளர் கதைக்குள் போய்விடுகிறார். களரியின் வழி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில் வட்டத்தின் கணக்கு. பாயில் சம்மணமிட்டு இருக்க ஒருவருக்கு அரைச் சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று வைப்போம். 500 பேருக்கு 250 சதுர மீட்டர். 8 மீட்டர் அகலமான மேடைக்கு முன்னால் அதே அகலத்தில் இவர்களை இருத்தினால் கடைசி வரிசை 31 மீட்டர் தள்ளிப் போய்விடும். 8 மீட்டர் விட்டமுள்ள களரியைச் சுற்றி இருத்தினால் கடைசி ஆளும் களரி விளிம்பிலிருந்து 6 மீட்டருக்குள் இருப்பார். வட்டம் வெளியே போகப்போகச் சுற்றளவும் கூடுவதால் ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடக் கூடுதலானவர்களை ஏற்கிறது. அரசனின் கழுத்து வியர்வையும் சதங்கை கிளப்பும் புழுதியும் ஐந்நூறாவது ஆளுக்கும் தெரிவது இதனால்தான்.

ஒலிக்கும் இதே கணக்குத்தான். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் வலு நான்கில் ஒன்றாகும். ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒன்றாகும். ஒலிபெருக்கி வராத காலத்தில், வாவிக்காற்று வீசும் வெளியில், மனிதக் குரலை மட்டும் நம்பி விடியும்வரை ஆடியவர்களுக்கு வட்டம் பெரிய துணை. ஆனால் வட்டத்தில் ஒரு சிக்கலும் உண்டு. வாயிலிருந்து புறப்படும் மெல்லிய, கூர்மையான ஒலிகள் பெரும்பாலும் முன்னோக்கியே போகும். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முதுகுப் பக்கம் இருப்பவருக்குச் சொல் தெளியாது. கூத்து இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி எல்லாத் திசைக்கும் ஆடுகிறார். அவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரே அடி ஏன் இத்தனை தரம் வருகிறது என்று தோன்றும். ஒருமுறை தவறவிட்ட சொல் அடுத்த முறை உங்கள் பக்கம் வந்து சேரும். மூன்றாம் முறை உங்கள் வாயே அதை முணுமுணுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருட்டாக்கிய மண்டபத்தில் முன்னால் இருப்பவரின் பின்தலைதான் தெரியும். களரியில் ஆட்டக்காரருக்கு அப்பால், அதே வெளிச்சத்தில், எதிர்ப்பக்கத்து முகங்கள் தெரிகின்றன. 'பதின்மூன்றாம் போர்' கூத்தில் அபிமன்யு சுற்றி வளைக்கப்படும்போது எதிரே இருக்கும் கிழவி சேலைத் தலைப்பை வாயில் வைப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். உங்கள் கண் கலங்குவதை அவரும் பார்ப்பார். மனித முகத்தின் உணர்ச்சி எதிர்முகத்தில் தொற்றிக்கொள்ளும் இயல்புடையது. வட்டம் அதற்கு வழிவிட்டுக் கொடுக்கிறது.

அடுத்து, உடம்பு. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரு வகை உண்டு. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதை. உயர்ந்த முடியும், வளையம் வைத்து விரியும் கரப்புடுப்புமாக அரசர் வருவார்கள். கதை சாவில் முடியும். தென்மோடியில் உடுப்பு இலேசு, ஆட்டம் நுணுக்கம், பாட்டில் இழுப்பு அதிகம். அலங்காரரூபன் போன்ற கதைகள் கலியாணத்தில் முடியும். எந்த மோடியானாலும் வரவுத் தாளம் தொடங்கியதும் பாயில் இருக்கும் கால்கள் அசையும். தாளத்தைக் கேட்டால், உடம்பு அசையாமல் இருந்தாலும், மூளையில் அசைவுக்குரிய பகுதிகள் வேலை செய்யத் தொடங்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் லண்டன் ஆய்வாளர்கள் பாலே ஆடுபவர்களுக்கும் பிரேசிலின் கபோய்ரா ஆடுபவர்களுக்கும் இரு ஆட்டங்களையும் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். தாம் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது அந்தப் பகுதிகள் கூடுதலாகத் துலங்கின. பழகிய உடம்பு, பார்க்கும்போதே கொஞ்சம் ஆடுகிறது.

மட்டக்களப்பு ஊர்களில் அப்படிப் பழகிய உடம்புகள் நிறைய. அறுவடை முடிந்து வயல் ஓய்ந்ததும் அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து, அவரவர் பாடும் பகுதியான சட்டத்தைக் கொடுப்பார். சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் வளர்ந்துதான் அரங்கேற்றம் வரும். அதன் பிறகு வீட்டுக்கு வீடு போயும் ஆடுவார்கள். பழக்கம் நடப்பது பூட்டிய அறையில் அல்ல, ஊரின் வளவில். சின்னப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், மறுநாள் தெருவில் ஆடுகிறார்கள். அரங்கேற்ற இரவில் பாயில் இருப்பவர்களில் பலர் அந்தப் பாட்டை முன்பே அறிந்தவர்கள். சிலர் ஒரு காலத்தில் அந்த வேடத்தையே கட்டியவர்கள். கால் பிசகினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

இரவும் ஒரு கருவி. நம் உடம்பின் வெப்பம் விடியப்புறம் நாலு ஐந்து மணியளவில் மிகத் தாழ்கிறது. நித்திரை அப்போதுதான் ஆளை அமுக்கும். வடமோடியின் சண்டையும் சாவும் அந்த நேரத்தை ஒட்டியே வருகின்றன. இடையில் தூங்கியவர்களைத் தட்டி எழுப்புவார்கள், மத்தளம் விரைவு கொள்ளும். பாதி விழிப்பில் இருக்கும் மனதுக்குக் கூத்தாடும் கன்னன்குடா ஊரும் பாரதப் போர் நடந்த குருசேத்திரமும் ஒரே மண்ணாகத் தெரிய அதிக நேரம் எடுக்காது.

களரியின் வட்டம் சில இடங்களில் ஊரளவுக்கு விரிகிறது. காசிக்கு எதிர்க்கரையில் இராம்நகரில் ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் இராம்லீலாவில் காட்சிக்குக் காட்சி இடம் மாறும், மக்களும் கூடவே நடப்பார்கள். கல்முனைக்கு அருகே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் நடக்கும் தீப்பள்ளயச் சடங்கு நமக்கு அதைவிடப் பக்கம். வனவாசத்தன்று பாண்டவர் வேடம் தரித்தவர்கள் வீதியால் நடந்து போவார்கள், ஊர் பின்னால் போகும். அருச்சுனன் தவத்துக்குப் போவான். நிறைவில் தீமிதிப்பு. தணல் வெப்பத்தை மெல்லவே கடத்துகிறது, பாதம் அதைத் தொடும் நேரமும் குறைவு என்று பாதத்துக்குப் பௌதிகம் விளக்கம் தருகிறது. குழியோரம் நின்று பார்க்கும் தாயின் நெஞ்சுக்கு என்ன நடக்கிறது?

ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். ஆய்வாளர்கள் அங்கே 38 பேரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தீயில் நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, ஓரத்தில் சும்மா நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. தீ ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். உறவுதான் வேறு. ஒரு நிகழ்ச்சிக்குள் மனிதர் எவ்வளவு ஆழம் போகிறார் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடுகள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தக் கலை மண்டப மேடைக்கும் போய் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று கூத்துகளைப் படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்து ஏற்றினார். மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு அந்த முயற்சியில் முன்னின்றார். பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பெருநூல் எழுதினார். கூத்து படித்தவர் நடுவே மதிப்புப் பெற்றது அவர்களால். அதே நேரம் மேடைக்கு முன்பக்கம் வந்தது, இரவு சில மணி நேரமாகக் குறுகியது. பிறகு நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை ஊர் மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் களரிக்கே திரும்பிப் போனது. பெண் பாத்திரங்கள் எப்படிக் காட்டப்படுகின்றன என்பது முதலான கேள்விகளை ஊராரே இருந்து பேசி, கூத்தைப் புதிதாக்கினார்கள்.

நீங்கள் போவதானால் பாயும் போர்வையும் கொண்டு போங்கள். தொடக்கம் மெதுவாக இருக்கும். ஒவ்வொரு வேடத்தின் வரவும் நீளும், அதை அவசரப்படுத்த முடியாது. நடுவில் உறவினர் களரிக்கே வந்து ஆட்டக்காரருக்கு மாலை போடுவார்கள், காசு கொடுப்பார்கள். அது இடையூறல்ல, கூத்தின் பகுதி. நித்திரை வந்தால் தூங்குங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம், "தருமருக்கு ஆடுறது ஆர்ர மகன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்களைப் பாதி உறவாக்கிவிடும். முடிந்தால் அரங்கேற்றத்துக்கு முன் ஒரு கிழமைக் கூத்துக்கும் போய் வாருங்கள். உடுப்பில்லை, அலங்காரமில்லை, வியர்வையும் மத்தளமும் மட்டும்தான். ஆட்டக்காரரைப் போலவே பார்வையாளரையும் கூத்து அந்த மாதங்களில்தான் பழக்கி எடுக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நேரம் ஒதுக்கும் ஊர்கள் இருக்கும்வரை, நம்மைக் கதைக்குள் அழைத்துப் போகப் பல மாடிக் கட்டடமோ முகமூடியோ தேவைப்படாது.