விதியா, முயற்சியா?

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. பக்கத்திலுள்ள ராஜகீழ்ப்பாக்கத்தில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீண்டும் கனமழை எச்சரிக்கை வருகிறது. 'தலைவிதிப்படி நடக்கட்டும்' என்றிருப்பீர்களா, வீட்டுப் பத்திரங்களைப் பரணில் ஏற்றுவீர்களா?

நேர்வனவற்றை நம் செயலின் விளைவாகக் கருதுவது அகநோக்கு. விதி, அதிர்ஷ்டம், பிறர் அதிகாரம் ஆகியவற்றின் விளைவாகக் கருதுவது புறநோக்கு. இதனை அளக்கும் வினாத்தாளை அமெரிக்க உளவியலறிஞர் ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்டார். சுழற்காற்று வீசும் இரு மாநிலங்களைச் சிம்ஸ், பாமன் என்போர் 1972-இல் ஒப்பிட்டனர். இல்லினாய்ஸ் மக்களைவிட அலபாமா மக்களிடம் புறநோக்கு மிகுதி. எச்சரிக்கையைக் கவனிப்பதோ குறைவு.

மழையை எவராலும் நிறுத்த இயலாது. கால்வாயைத் தூர்வார ஊரே கூட வேண்டும். பத்திரங்களைப் பரணில் ஏற்ற உங்கள் இரு கைகளே போதும்.