ஒற்றை வருமானப் பெற்றோரின் வீடு வாங்கும் திறன்

ஒற்றை வருமானப் பெற்றோரின் வீடு வாங்கும் திறன் என்பது, துணையின்றித் தாம் ஒருவரே ஈட்டும் வருமானத்தைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய் அல்லது தந்தை, குடும்பத்தின் ஏனைய தேவைகள் குறைவுபடாமல் எவ்வளவு விலையுள்ள வீட்டை வாங்க இயலும் என்பதைக் குறிக்கும். கணவனை இழந்தோர், மனைவியை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், துணையைப் பிரிந்து வாழ்வோர் ஆகியோர் இதில் அடங்குவர். கடன் கொடுக்கும் வங்கி கணக்கிடும் தொகையும் குடும்பம் உண்மையில் தாங்கக்கூடிய தொகையும் ஒன்றல்ல. ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருக்கக்கூடும். இக்கட்டுரை இந்திய, குறிப்பாகத் தமிழ்நாட்டு, நிலைமையை அடிப்படையாகக் கொண்டது.

விழுக்காட்டு விதிகள்

வருமானத்தில் இத்தனை பங்குதான் வீட்டுக்குச் செலவாகலாம் என்ற கருத்து பழமையானது. 1868 இல் பெர்லின் நகரப் புள்ளியியலாளர் எர்மன் சுவாபே, வருமானம் குறையக் குறைய அதில் வாடகைக்குச் செல்லும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். இது சுவாபே விதி எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பொது வீடமைப்புத் திட்டக் குடியிருப்பாளரின் வாடகைக்கு 1969 இல் வருமானத்தின் 25 விழுக்காடு என வரம்பு விதிக்கப்பட்டது. அது 1981 இல் 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்நாட்டு வீட்டுக்கடன் துறையில், வீட்டுச் செலவு மொத்த வருமானத்தின் 28 விழுக்காட்டையும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து 36 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்பது நெடுநாள் வழக்காக இருந்தது.

இந்தியாவில் வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய சட்ட வரம்பு இல்லை. வங்கிகள், விண்ணப்பதாரர் செலுத்தும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கின்றன. சம்பளம் உயர்ந்தால் இப்பங்கும் உயரும். இந்திய ரிசர்வ் வங்கி விதித்துள்ள வரம்பு வீட்டின் மதிப்பைச் சார்ந்தது. 30 இலட்சம் ரூபாய் வரையான கடன் வீட்டு மதிப்பில் 90 விழுக்காட்டையும், 30 முதல் 75 இலட்சம் வரையானது 80 விழுக்காட்டையும், அதற்கு மேற்பட்டது 75 விழுக்காட்டையும் மீறலாகாது. இவ்வரம்பு வங்கியின் பணத்துக்கே பாதுகாப்பு. கடன் வாங்கியவர் தவறினாலும் வீட்டை விற்றுக் கடனை மீட்டுக்கொள்ளலாம். அக்குடும்பம் மாதக் கடைசியில் எதைக் கொண்டு அரிசி வாங்கும் என்பது இக்கணக்கில் வருவதில்லை.

விழுக்காட்டு விதியின் முதன்மையான குறை, அது குடும்பத்தில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்று கேட்பதில்லை என்பதாகும். ஒரே சம்பளம் பெறும் இருவரில் ஒருவர் தனியாளாகவும் மற்றவர் இரு பிள்ளைகளின் தாயாகவும் இருந்தாலும், இவ்விதி இருவருக்கும் ஏறத்தாழ ஒரே கடன் தொகையைத்தான் சொல்லும்.

எச்ச வருமான முறை

மேற்கண்ட குறையைக் களைய எழுந்தது எச்ச வருமான முறை. வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை விட, வீட்டுக்குப் போனபின் எவ்வளவு எஞ்சுகிறது என்பதே முதன்மை என இது கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் இசுட்டோன் 1993 இல் வெளியிட்ட நூலில், வீட்டுச் செலவு போக எஞ்சும் பணம் உணவு, உடை, மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளுக்குப் போதாத நிலையை "உறையுள் வறுமை" என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

இம்முறை நடைமுறையிலும் உள்ளது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உத்தரவாத வீட்டுக்கடனில், தவணை, வரி முதலியன போக மாதந்தோறும் எஞ்ச வேண்டிய குறைந்த அளவுத் தொகை, மண்டலத்துக்கும் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கும் ஏற்ப அட்டவணையாகத் தரப்பட்டுள்ளது. தெற்கு மண்டலத்தில் 80,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்கு ஒருவர் மட்டுமுள்ள குடும்பத்தில் 441 டாலரும், இருவருள்ள குடும்பத்தில் 738 டாலரும், மூவருள்ள குடும்பத்தில் 889 டாலரும் எஞ்ச வேண்டும். இரண்டாம் நபர் சேரும்போதுதான் தொகை மிகுதியாக உயர்வதைக் காணலாம். அந்த இரண்டாம் நபர் பொருளீட்டும் துணையா, பள்ளி செல்லும் பிள்ளையா என்பதை அட்டவணை பிரிப்பதில்லை. ஒற்றைப் பெற்றோர் குடும்பத்தில் அவர் எப்போதும் பிள்ளையே.

கணக்கிடும் முறை

எடுத்துக்காட்டாக, சென்னைப் புறநகரில் எட்டு வயதுப் பிள்ளையுடன் வாடகை வீட்டில் வாழும் ஒரு தாய் மாதம் 70,000 ரூபாய் கையில் பெறுகிறார் எனக் கொள்வோம். சம்பளத்தில் பாதி என்ற வங்கிக் கணக்குப்படி அவர் 35,000 ரூபாய் தவணை கட்டலாம். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு, ஒரு இலட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். ஆகவே அவருக்குச் சுமார் 40 இலட்சம் ரூபாய் கடன் கிடைக்கும்.

இனி, எச்ச வருமான முறையில் பார்ப்போம். மளிகை, காய்கறி, பால் 12,000. பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் 10,000. பள்ளி விட்டபின் தாய் வீடு திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 6,000. வேலைக்குச் சென்றுவரும் செலவு 5,000. மருத்துவமும் காப்பீடும் 4,000. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 4,000. ஊரிலுள்ள பெற்றோருக்கு 4,000. ஓய்வுக்காலத்துக்கும் பிள்ளையின் மேற்படிப்புக்கும் சேமிப்பு 6,000. ஆக மொத்தம் 51,000 ரூபாய். எஞ்சுவது 19,000. வீடு சொந்தமானால் தற்போதைய வாடகை நின்றுவிடும் என்பதால் அது இங்கே சேர்க்கப்படவில்லை. ஆனால் சொந்த வீட்டுக்கே உரிய செலவுகள் உண்டு. அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம், சொத்துவரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மாதம் 3,500 ஒதுக்கினால் தவணைக்கு மிஞ்சுவது 15,500 ரூபாய்.

இத்தொகைக்கு 8.5 விழுக்காட்டில் சுமார் 17.9 இலட்சம் கடன் பெறலாம். வட்டி இரண்டு விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டுமெனில், 10.5 விழுக்காட்டில் கணக்கிட வேண்டும். அப்போது ஒரு இலட்சத்துக்குத் தவணை 998 ரூபாய்; கடன் 15.5 இலட்சம். வங்கி தர முன்வரும் 40 இலட்சத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். வங்கி அதிகாரி தவறாகக் கணக்கிட்டார் என்பதல்ல. அவர் கேட்ட வினா வேறு.

இவ்வெண்கள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை. ஒருவர் தமது கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கேட்டைப் பார்த்து இவற்றை நிரப்புவதே சரி. நினைவிலிருந்து எழுதப்படும் செலவுப் பட்டியலில் பெரும்பாலும் தீபாவளித் துணிமணியும் பள்ளிச் சுற்றுலாவும் விடுபட்டுவிடும்.

தொடக்கச் செலவுகள்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2017 இல் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டுப் பின்னர் 2023 இல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்பிரல் முதல், 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவு செய்யப்பட்டால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. சென்னை அடுக்ககங்களுக்கு இது பயன்படுவது அரிது. வீட்டின் விலை 10 இலட்சத்துக்கு மேற்பட்டால், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் வரம்பைக் கணக்கிட ரிசர்வ் வங்கி இடமளிப்பதில்லை. எனவே இவை கைப்பணத்திலிருந்தே வர வேண்டும்.

மேற்கண்ட தாயிடம் 12 இலட்சம் ரூபாய் சேமிப்பு இருப்பதாகக் கொள்வோம். ஆறு மாதச் செலவுக்கும் தவணைக்கும் சுமார் 3.8 இலட்சத்தைத் தொடாமல் வைத்தால் 8.2 இலட்சம் மிஞ்சும். கடனுடன் சேர்த்து 23.7 இலட்சம். பத்திரச் செலவு 9 விழுக்காடு, வழக்கறிஞர் கட்டணம் முதலியவை 1 விழுக்காடு எனக் கழித்தால், அவர் வாங்கத்தக்க வீட்டின் விலை சுமார் 21.5 இலட்சம் ரூபாய். இது ஏமாற்றம் தரும் எண்தான். பழைய அடுக்ககத்தில் ஒரு படுக்கையறை வீடு, நகருக்கு வெகு தொலைவிலுள்ள வீடு, அல்லது இன்னும் சில ஆண்டுகள் வாடகையில் இருந்து சேமித்தல் என்பனவே அவர் முன் உள்ள வழிகள். தொலைவான வீட்டைத் தேர்ந்தால் பயணச் செலவும் பிள்ளையைப் பிறர் பார்த்துக்கொள்ளும் நேரமும் கூடும் என்பதால், பட்டியலை மீண்டும் முதலிலிருந்து போட வேண்டும்.

கட்டி முடிக்கப்படாத வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி தனி. மலிவு விலை வீடு என்ற வகைக்குள் வந்தால் 1 விழுக்காடு, ஏனையவற்றுக்கு 5 விழுக்காடு. அதனினும் முக்கியமானது, கட்டடம் முடியும்வரை வாடகையும் வங்கி வட்டியும் ஒரே சம்பளத்திலிருந்து போக வேண்டும் என்பதாகும். கட்டுமானம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இரட்டைச் சுமை தொடரும். ஒற்றை வருமானக் குடும்பத்துக்குக் குடியேற ஆயத்தமாக உள்ள வீடே பொருத்தமானது எனலாம்.

நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 இல் தொடங்கியது. அதன் வட்டி மானியப் பிரிவில், ஆண்டு வருமானம் 9 இலட்சத்துக்குள் உள்ளோர் 35 இலட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 இலட்சம் வரை கடன் பெற்றால், அதிகபட்சமாக 1.80 இலட்சம் ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வழங்கப்படும். இத்திட்டம் கைம்பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கிறது. இம்மானியத்தை விலையைக் கூட்டிக்கொள்ளப் பயன்படுத்தாமல் அசலைக் குறைக்கப் பயன்படுத்துவது நன்று.

வட்டி மாற்றம்

2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற புறக் குறியீட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பெப்ரவரியில் 6.5 விழுக்காடாக உயர்ந்தது. 7 விழுக்காட்டில் 20 ஆண்டுக்குக் கடன் பெற்றவரின் தவணை இலட்சத்துக்கு 775 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானபோது, அசல் பெரிதும் குறையாத நிலையில், வட்டி மட்டுமே மாதம் ஏறத்தாழ 792 ரூபாய் ஆகிறது. அதாவது தவணையை மாற்றாமல் விட்டால் அது வட்டிக்கே போதாது. கடன் தீர்வதற்குப் பதிலாக வளரும். இத்தகைய நிலை எழுந்ததால், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்கு அளிக்க வேண்டும் என 2023 ஆகத்தில் ரிசர்வ் வங்கி பணித்தது. 2025 இல் ரெப்போ விகிதம் மீண்டும் குறைக்கப்பட்டது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்க 2012 முதல் தடை உள்ளது.

வருமானம் நின்றால்

எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியா வாரன் தியாகியும் 2003 இல் எழுதிய நூலில், இருவர் சம்பாதிக்கும் குடும்பங்கள் நல்ல பள்ளிகள் உள்ள பகுதிகளில் வீட்டு விலையைப் போட்டியிட்டு உயர்த்தின என்றும், அதனால் ஒற்றைப் பெற்றோர் பின்தள்ளப்பட்டனர் என்றும் வாதிட்டனர். அந்நூலின் இன்னொரு கருத்து இங்கு மேலும் பொருத்தமானது. ஒருவர் சம்பாதித்து மற்றவர் வீட்டிலிருக்கும் குடும்பத்தில், வேலை போனால் மற்றவர் வேலைக்குச் செல்லலாம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் கவனித்துக்கொள்ளலாம். ஒற்றைப் பெற்றோருக்கு இந்த மாற்றுக்கை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்கு விடுப்பு எடுப்பவரும் அவரே, அந்த விடுப்பால் சம்பளம் குறைபவரும் அவரே.

ஆகவே ஆறு மாதச் செலவுக்கான இருப்பு என்பது இவர்களுக்குக் குறைந்த அளவு. கடன் தொகைக்கு ஈடான தவணைக்காலக் காப்பீடு இன்றியமையாதது. கடனுடன் இணைத்து விற்கப்படும் ஒற்றைக் கட்டணக் காப்பீட்டின் விலையைக் கடனிலேயே சேர்க்கும்போது, அக்கட்டணத்துக்கும் 20 ஆண்டு வட்டி போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வு வயதையும் பார்க்க வேண்டும். 45 வயதில் 20 ஆண்டுக் கடன் பெறுபவர் 60 வயதில் ஓய்வு பெற்றால் கடைசி ஐந்து ஆண்டுத் தவணை எங்கிருந்து வரும் என்பது முதல் நாளே தீர்மானிக்கப்பட வேண்டிய வினா. 15 ஆண்டுக்குச் சுருக்கினால் 8.5 விழுக்காட்டில் தவணை இலட்சத்துக்கு 985 ரூபாய் ஆகும்.

மணமுறிவு பெற்றோர் பெறும் சீவனாம்சத்தை வருமானமாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. நீதிமன்ற ஆணை இருப்பதும் பணம் மாதந்தோறும் வந்து சேர்வதும் வெவ்வேறு. அத்தொகையைத் தவணைக்கு நம்பாமல், வரும்போது பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குவதே பாதுகாப்பானது. அவ்வாறே, கடன் தொகையைப் பெருக்குவதற்காக உடன்பிறந்தாரை இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அவருக்குத் திருமணமாகித் தனக்கென ஒரு வீட்டுக்கடன் தேவைப்படும் நாளில் இது இரு குடும்பங்களுக்கும் சிக்கலாகிறது.

பத்திரம் யார் பெயரில்

பிள்ளையின் எதிர்காலம் கருதி வீட்டைப் பிள்ளையின் பெயரில் பதிய விரும்புவோர் உளர். 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, இளவரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இயற்கைக் காப்பாளருக்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. எனவே அவ்வீட்டின் மீது கடன் பெறுவது கடினம். நெருக்கடியில் விற்பதும் கடினம். பெற்றோர் தம் பெயரில் வாங்கி, உயில் எழுதி, தமக்குப்பின் பிள்ளைக்குக் காப்பாளர் யார் என்பதையும் அதில் குறிப்பிடுவதே பொதுவாக அறிவுறுத்தப்படும் வழி. தந்தை உயிருடன் இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயற்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

வாடகையுடன் ஒப்பீடு

இந்திய நகரங்களில் ஒரே வீட்டின் மாத வாடகை, அதை முழுவதும் கடனில் வாங்கினால் கட்ட வேண்டிய தவணையை விடப் பெரும்பாலும் மிகக் குறைவு. எனினும் ஒற்றைப் பெற்றோர், குறிப்பாகப் பெண்கள், வீடு தேடும்போது உரிமையாளர்களின் தயக்கத்தையும் தேவையற்ற கேள்விகளையும் சந்திக்கின்றனர். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது பிள்ளையின் பள்ளியும் மாற நேரலாம். இந்த உறுதிப்பாட்டுக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது அறிவற்ற செயலன்று. ஆயினும் அக்கூடுதல் தொகை எவ்வளவு என்பது எழுதிப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தற்போதைய வாடகைக்கும், எதிர்பார்க்கப்படும் தவணையும் பராமரிப்பும் சேர்ந்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டை, வீடு வாங்குவதற்கு முன் ஓராண்டு மாதந்தோறும் தனிக் கணக்கில் செலுத்தி வருதல் வேண்டும். சூன் மாதப் பள்ளிக் கட்டணத்தின்போது அக்கணக்கிலிருந்து பணம் எடுக்க நேர்ந்தால், திட்டமிட்ட தவணை அக்குடும்பத்துக்கு மிகுதி என்று கொள்ளலாம். எடுக்க நேராவிட்டால், அவ்வாண்டின் சேமிப்பு பத்திரச் செலவின் ஒரு பகுதிக்கு உதவும்.