படம் இருக்கிறது, பெயர் எங்கே?



நம் இல்லங்களில் பீரோவின் மேல்தட்டிலோ பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த புகைப்படங்கள் இருக்கின்றன. திருமணம், ஞானஸ்நானம், புதுநன்மை, பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்தது, ஊர்த் திருவிழாவில் எடுத்தது என்று எல்லாம் அதில் உண்டு. இன்னொரு பக்கம் நம் செல்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள். நம் தாத்தா தம் வாழ்நாளில் நான்கைந்து முறைதான் கேமரா முன் நின்றிருப்பார். அந்த நான்கைந்தையும் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். நாமோ ஒரு பிறந்தநாளுக்கே இருநூறு படம் எடுக்கிறோம். அடுத்த வாரம் அவற்றைத் திறந்தும் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு குவியல்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்வு என்ற செய்தி எங்கும் எழுதப்படவில்லை. பாட்டி இருக்கும்வரை கேட்டால் பதில் கிடைக்கும். பாட்டி போன பிறகு அது யாரோ ஒருவருடைய படம். இந்தக் குறையைப் போக்க உதவும் எளிய கலை ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்று இதற்குப் பெயர். நாம் இதைக் கணினி நினைவேடு என்று சொல்லலாம்.

பசையில் தொடங்கிய பழக்கம்

ஸ்கிராப்புக் என்பது துணுக்குகளை ஒட்டிவைக்கும் ஏடு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்த்து அட்டைகள், செய்தித்தாள் துண்டுகள், உலர்ந்த பூக்கள் ஆகியவற்றை ஏட்டில் ஒட்டி, அருகில் குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இதில் பெரும் ஆர்வம் கொண்டவர். பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஏடு ஒன்றை உருவாக்கி 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தண்ணீர் தொட்டு நனைத்தாலே போதும், துணுக்கு ஒட்டிக்கொள்ளும்.

1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமராவை விற்கத் தொடங்கியதும் சாதாரண மக்களும் படம் எடுக்கலானார்கள். துணுக்குகளின் இடத்தைக் குடும்பப் படங்கள் பிடித்தன. 1980இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மேரியலன் கிறிஸ்டென்சன் என்ற குடும்பத் தலைவி தாம் தொகுத்த ஐம்பது ஏடுகளைச் சால்ட் லேக் சிட்டி நகரில் நடந்த மாநாடு ஒன்றில் காட்சிக்கு வைத்தார். இன்றைய ஸ்கிராப்புக் கலை பரவியதற்கு அது ஒரு தொடக்கம் என்பார்கள். பின்னர் கணினி வந்தது. 2000க்குப் பின் கத்தரிக்கோலும் பசையும் செய்த வேலையை மென்பொருள் செய்யத் தொடங்கியது.

நம் வீடுகளிலும் இதே வரலாறு வேறு வடிவில் உண்டு. கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்த ஆல்பம், பிறகு பிளாஸ்டிக் உறையை உரித்து ஒட்டும் ஆல்பம், பிறகு திருமண வீடியோ கேசட், பிறகு சி.டி., இப்போது செல்பேசி.

முதலில் காப்பாற்றுவோம்

அழகுபடுத்துவதற்கு முன் படங்களைக் காப்பாற்ற வேண்டும். உரித்து ஒட்டும் ஆல்பங்களின் பசை நாளடைவில் படத்தை மஞ்சளாக்கும். பலவந்தமாகப் பிய்த்தால் படம் கிழியும். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் இழுக்கக் கூடாது. அப்படியே ஸ்கேனரில் வைத்தோ, வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் செல்பேசியால் எடுத்தோ பதிவு செய்துவிடலாம்.

ஸ்கேன் செய்யும்போது ஒரு கணக்கை நினைவில் கொள்வோம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் தேவை. மூன்று அங்குல அகலமுள்ள பழைய படத்தை 300 அளவில் ஸ்கேன் செய்தால் 900 புள்ளிகளே கிடைக்கும். அதே அளவில்தான் தெளிவாக அச்சிட முடியும். 600 அளவில் செய்தால் 1800 புள்ளிகள் கிடைக்கும். ஆறு அங்குலமாகப் பெரிதாக்கலாம். எனவே சிறிய படங்களுக்கு 600 அளவே நல்லது.

செல்பேசிப் படங்களில் வேறொரு சிக்கல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதன் அளவு சுருக்கப்படுகிறது. எந்த நாளில் எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் குறிப்பும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் கேட்டு வாங்கும்போது, படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் மாறாமல் வரும்.

திருமணங்களைப் பதிந்து வைத்த பழைய சி.டி.க்களை இன்றே கவனிக்க வேண்டும். அவற்றின் சாயப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சி.டி. போடும் இடமே இல்லை.

ஒரு பக்கம் எப்படி உருவாகிறது?

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளும் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். அதன் பெயர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக எண்ணிக்கொள்வோம். அடியில் பின்னணி நிறம், அதன்மேல் புகைப்படம், அதன்மேல் சட்டமோ பூவோ, எல்லாவற்றுக்கும் மேல் எழுத்து. ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை நகர்த்தலாம், பெரிதாக்கலாம், நீக்கலாம். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாத பசையைவிட இது நமக்குக் கிடைத்துள்ள பெரிய வசதி.

பன்னிரண்டு அங்குலச் சதுரம் இக்கலையில் வழக்கமான பக்க அளவு. அப்படியானால் கணினியில் 3600க்கு 3600 புள்ளிகள் கொண்ட பக்கத்தைத் திறக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அச்சிட ஏ4 அளவே எளிது என்றால் 2480க்கு 3508 போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு முதன்மைப் படம், கூடினால் இரண்டு துணைப் படங்கள். பத்துப் படங்களை நெருக்கினால் எதையும் பார்க்க முடியாது.

வேலை முடிந்ததும் இரண்டு விதமாகச் சேமிப்போம். அடுக்குகள் குலையாத மூலக்கோப்பு ஒன்று. அச்சிடவும் பகிரவும் ஜேபெக் கோப்பு ஒன்று. ஜேபெக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். ஆகவே திருத்தம் எல்லாம் மூலக்கோப்பில்தான்.

தமிழில் எழுதும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துவோம். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய வரிகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். நாளை பேரப்பிள்ளைகள் மூலக்கோப்பைத் திறக்கும்போது பாட்டியின் பெயர் அப்படிச் சிதறக் கூடாது.

எழுத்துதான் உயிர்

ஓர் எடுத்துக்காட்டு. 1978இல் எடுத்த திருமணப் படம் ஒன்று நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்கீழ் "இனிய நினைவுகள்" என்று எழுதுகிறோம். இது எந்தத் திருமணப் படத்துக்கும் பொருந்தும். ஆகவே இந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இப்போது இப்படி எழுதிப் பார்ப்போம்: "1978 வைகாசி. பெரிய அத்தையின் திருமணம். அன்று காலை பெய்த மழையில் பந்தல் சாய்ந்துவிட்டது. அதனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்தார்கள். ஓரத்தில் பாதி தெரிபவர், அந்தத் திண்ணை வீட்டுக்காரர்." இதைப் படிக்கும் பிள்ளைக்கு அத்தையைத் தெரியும், மழையைத் தெரியும், இடம் கொடுத்த அண்டை வீட்டாரையும் தெரியும்.

இந்தச் செய்தி கணினியில் கிடைக்காது. வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்போம். பேசுவதைச் செல்பேசியில் பதிவு செய்துகொள்வோம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் கண்கலங்கி மௌனமானால் அடுத்த படத்துக்கு விரைய வேண்டாம். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பல நேரங்களில் உண்மையான கதை வரும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எண் இட்டு, ஸ்கேன் செய்த கோப்புக்கும் அதே எண்ணைத் தருவோம். பால்பாயின்ட் பேனா அழுந்தினால் முன்பக்கத்தில் தழும்பு விழும்.

பழுதும் பொய்யும்

கறையை நீக்கலாம், கிழிசலை இணைக்கலாம், மங்கிய நிறத்தைத் தெளிவாக்கலாம். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கலான முகத்தையும் நொடியில் பளிச்சென்று ஆக்கிவிடுகின்றன. ஆனால் படத்தில் இல்லாத கண்ணையும் உதட்டையும் அந்தக் கருவி தானாகவே ஊகித்து வரைகிறது. பார்க்க அழகாக இருக்கும்; அது நம் தாத்தாவின் முகமாக இராது. ஆகவே சீர்செய்த படத்தைப் பயன்படுத்தினாலும், மூலப்படத்தை அழிக்காமல் அதன் அருகிலேயே வைப்போம்.

மனத்தாங்கலில் பிரிந்துபோன உறவினரைப் படத்திலிருந்து வெட்டி எடுப்பதும் இப்போது மிக எளிது. அன்று அவர் நம்மோடு நின்றார் என்பது நடந்த உண்மை. பிணக்கு தீர்ந்து அவர் வீடு திரும்பும் நாளில், தம் இடம் அங்கே இருப்பதை அவர் பார்க்கட்டும்.

பிறருடைய படங்களையும், குறிப்பாகப் பிள்ளைகளின் படங்களையும், வெளியே பகிர்வதற்கு முன் உரியவர்களைக் கேட்போம். வீட்டு நினைவேடு வீட்டாருக்கானது.

அலை கொண்டுபோனவை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம், கன்னியாகுமரி கடற்கரைகளையும் இலங்கையின் முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரைகளையும் தாக்கியபோது, வீட்டோடு ஆல்பத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு. இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட மீதமில்லாத நிலை எத்தகையது என்று எண்ணிப் பார்ப்போம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் தரைத்தள வீடுகளின் பீரோக்கள் நீரில் மூழ்கின.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபின், சேற்றில் கிடந்த புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்தார்கள். மியாகி மாநிலத்தின் யமமோட்டோ என்ற சிற்றூரில் மட்டும் லட்சக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, கணினியில் பதிந்து, உரியவர்கள் வந்து தேடிக் கண்டுபிடிக்கும்படி வைத்தார்கள். வீடு கட்டவும் சாலை போடவும் வேண்டிய நேரத்தில் இவ்வேலைக்கும் கைகள் கிடைத்தன.

நாம் செய்ய வேண்டியது எளியது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள். அவற்றை இருவேறு வகைச் சாதனங்களில் வைப்போம். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வெளியூரிலுள்ள மகள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. இவற்றோடு அச்சிட்ட ஏடு ஒன்றும் வீட்டில் இருந்தால், மின்சாரமும் கடவுச்சொல்லும் இல்லாமலே பாட்டி புரட்டிப் பார்க்கலாம்.

சேர்ந்து கற்போம்

இக்கலையைத் தனியாகக் கற்பது கடினம். கூடிக் கற்றால் எளிது. ஐந்து குடும்பங்களுக்கு ஒரு ஸ்கேனர் போதும். ஞாயிறு மாலையில் ஒரு வீட்டில் கூடலாம். பிள்ளைகளுக்கு அடுக்குகள் தெரியும். பெரியவர்களுக்குப் பெயர்கள் தெரியும். இருவரும் ஒரே திரையின் முன் அமர்ந்தால்தான் பக்கம் நிறையும். புதிதாகத் தொடங்குபவரின் முதல் பக்கம் கோணலாக இருக்கும், நிறங்கள் கண்ணைக் கூசும். அதைக் கேலி செய்யாமல், "இந்தப் படத்தில் இருப்பவர் யார்?" என்று கேட்போம். அடுத்த பக்கத்தை அவர் தாமாகவே நன்றாகச் செய்வார்.

அன்புக்குரியவர்களே, முழு ஆல்பத்தையும் நினைத்து மலைக்க வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு படத்தை எடுப்போம். வீட்டில் வயதில் மூத்தவரிடம் காட்டி, அதில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதுவோம். மென்பொருளை அடுத்த மாதம் கற்கலாம். பெயர்களைக் கேட்பதற்கு அவ்வளவு காலம் நமக்குக் கிடைக்குமா என்பது தெரியாது.