சூடான வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது?

விடியற்காலையில் பனியில் நனைந்து நிற்கும் லோடு வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மீண்டும் சாவியைத் திருப்பினால், எஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடவாதது போல ஓடத் தொடங்குகிறது. பிக்கப் வண்டி, 'குட்டி யானை' போன்றவற்றை ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் தொல்லையைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள்.

குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினைப் புரிந்துகொள்வது எளிது. எண்ணெய் கெட்டிப்படும், மின்கலத்தின் வலு குறையும், எரிபொருள் சரியாக ஆவியாகாது. சூடான எஞ்சினுக்கு இந்த இடையூறு எதுவும் இல்லையே! பின் ஏன் மறுக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதால்தான் பல வண்டிக்காரர்களின் பணம் கரைகிறது. சிலர் ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய சந்தைகளில் சரக்கை இறக்கி முடியும்வரை எஞ்சினை அணைப்பதே இல்லை. சும்மா ஓடும் டீசல் எஞ்சினும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும் என்பதை அவர்கள் அறிந்தே செய்கிறார்கள்.

இயற்பியல் படித்தவர் இதை வேறு விதமாக அணுகலாம். குளிரில் நன்றாக இருந்து வெப்பத்தில் கெடுகிறது என்றால், வெப்பத்தால் மாறும் ஏதோ ஒரு பண்பு எல்லை மீறிவிட்டது என்பது பொருள். வண்டிக்குள் அப்படி மாறுபவை மிகச் சிலவே: நீர்மத்தின் ஆவியழுத்தம், அதன் பாகுத்தன்மை, கம்பியின் மின்தடை, உலோகத்தின் நீளம். இவற்றுள் எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

நின்ற பிறகு ஏறும் சூடு

முதலில் ஒரு வியப்பான செய்தி. எஞ்சினை அணைத்ததும் அது குளிரத் தொடங்குகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் எஞ்சின் அறையில் உள்ள பல உறுப்புகள், அணைத்த பிறகுதான் மிக அதிகமாகச் சூடேறுகின்றன. ஓடும்போது எஞ்சினைச் சுற்றிவரும் நீர் ஏறத்தாழ 85 முதல் 95°செ. வரை இருக்கும். விசிறி சுழல்கிறது, எதிர்க்காற்று வீசுகிறது, குளிர்ந்த எரிபொருள் தொட்டியிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததும் இவை அனைத்தும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. ஆனால் பல நூறு டிகிரி வெப்பத்தில் இருந்த புகைபோக்கிக் குழல் அப்படியே இருக்கிறது. அதன் வெப்பம் போக வேறு வழியின்றி அக்கம்பக்கத்து உறுப்புகளுக்குள் பரவுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் கல்லில் விட்ட தோசை கருகிப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுவே.

இந்த வெப்ப ஏற்றம் அணைத்த பத்து, இருபது நிமிடங்களில் உச்சத்தை அடைகிறது. ஆகவே ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அணைத்த எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பவில்லை?" என்பதே. உடனே கிளம்பி, கால் மணி கழித்து மட்டும் மறுத்தால், எரிபொருள் கொதிக்கிறது என்று ஐயுறலாம். அணைத்த மறுநிமிடமே மறுத்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்வி காதுக்கு உரியது. செல்ப் அடிக்கும்போது எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, அல்லது முனகிக்கொண்டு மெல்லச் சுற்றுகிறதா? மெல்லச் சுற்றினால் எரிபொருள் பக்கம் போகவே வேண்டாம். குறை மின்சாரத்தில் இருக்கிறது. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு உயர்கிறது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போன செல்ப் மோட்டாரின் சுருளில் தடை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். நல்ல மின்கலமும் நல்ல இணைப்பும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் முடியாது. வோல்ட்டுமானியின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினாலே போதும். புதிய செல்ப் மோட்டார் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்!

பெட்ரோல் வண்டியில்

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பெட்ரோல் வண்டியானால் ஆவியழுத்தத்தை நினைவுகூருங்கள். தண்ணீரைப் போலப் பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. அது பல நீர்மங்களின் கலவை. மிக மெல்லியவை ஏறத்தாழ 35 டிகிரியிலேயே ஆவியாகும், கனமானவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். 38 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். அதற்குமேல் ஒவ்வொரு இருபது டிகிரிக்கும் அது ஏறக்குறைய இரட்டிக்கிறது. கணக்குப் போட்டால், 60 டிகிரி அளவிலேயே திறந்த பெட்ரோல் கொதிக்கத் தொடங்கும் என்பது விளங்கும். அணைத்த எஞ்சினின் பக்கத்தில் 60 டிகிரி என்பது மிகச் சாதாரணம். கார்புரேட்டர் இருந்த காலத்து அம்பாசிடர் கார்களில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி வைத்துக்கொண்டு மலையேறியவர்களை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். குழாயில் நீர்மத்துக்குப் பதில் ஆவிக்குமிழி நிறைந்தால், பம்ப் அந்தக் குமிழியை அழுத்திக்கொண்டே இருக்குமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது.

இக்கால வண்டிகளில் பம்ப் தொட்டிக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. அது பெட்ரோலை மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் வைத்திருப்பதால் கொதிநிலை 100 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. பிரஷர் குக்கரின் தத்துவம்தான். அணைத்த பிறகும் அந்த அழுத்தத்தைக் காக்க, பம்பில் ஒரு சிறு ஒருவழி அடைப்பிதழ் உண்டு. அது கசிந்தால் குக்கரின் மூடியைத் திறந்தது போல் ஆகிறது. அழுத்தம் விழுந்ததும் எஞ்சின் மேல் உள்ள குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும்.

இதைக் கண்டறியக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. செல்ப் அடிக்காமல், சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பம்ப் இரண்டொரு நொடி ஓடி நிற்கும். அணைத்துவிட்டு மீண்டும் திருப்புங்கள். மூன்று முறை இப்படிச் செய்தபின் செல்ப் அடித்தால் உடனே கிளம்புகிறதா? அப்படியானால் குறை அழுத்தக் கசிவே. இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ப் அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இப்படி மிதித்தால், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும். அப்போது கிளம்பினால், பெட்ரோல் பற்றாமல் அல்ல, மிகுந்துபோனதால்தான் எஞ்சின் திணறியது என்று அறியலாம்.

மிகுந்துபோவானேன்? இன்ஜெக்டர் சொட்டலாம். அல்லது நீரின் வெப்பநிலையைச் சொல்லும் உணர்கருவி பொய் சொல்லலாம். இது வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் ஒரு குறைகடத்தித் துண்டு. பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் இருப்பது 80 டிகிரியில் சுமார் 300 ஓமாக இறங்கிவிடும். அது இறங்காமல் நின்றால் மின்னணுப் பெட்டி, "எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நம்பி, குளிருக்கு உரிய மிகைப் பெட்ரோலைக் கொட்டும். ஓம்மானி ஒன்று இருந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. எஞ்சினின் சுழற்சியை உணரும் காந்தச் சுருள், சூட்டில் விரியும்போது உள்ளே கம்பி விட்டுப்போவது உண்டு. குளிர்ந்ததும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். செல்ப் அடிக்கும்போது சுழற்சிமானியின் முள் அசையாமல் கிடந்தால் இதை ஐயுறுங்கள். பெட்ரோல், டீசல் இரண்டிலும் இது நேரும்.

டீசல் வண்டியில்

நம் ஊர்ப் பிக்கப்களில் பெரும்பகுதி டீசல். டீசல் அந்தச் சூட்டில் கொதிப்பதில்லை. ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே சூடான டீசல் எஞ்சின் முன்னிலும் எளிதாகக் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் எரிபொருள் உரிய அளவில் உள்ளே போகவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். டாப்பெட் இடைவெளியை மிகக் குறைவாக வைத்திருந்தால், தண்டுகள் சூட்டில் நீண்டு வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் குறைவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு டீசல் பம்புக்கு வாருங்கள்.

பழைய வண்டிகளில் உள்ள சுழல்வகைப் பம்பின் உள்ளே ஓர் உந்துதண்டு அதன் துளைக்குள் நகர்கிறது. ரப்பர் வளையம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள சந்து இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமன் அதைப்போல் இருபது மடங்கு! இந்தச் சந்தின் வழியே கொஞ்சம் டீசல் எப்போதும் கசியும். எவ்வளவு கசியும் என்பதில்தான் நம் புதிரின் விடை இருக்கிறது.

கசிவு சந்தின் அகலத்துக்கு அல்ல, அகலத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தேய்மானத்தால் சந்து இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். அடுத்து, கசிவு பாகுத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்தில் உள்ளது. 40 டிகிரியில் உள்ள டீசல் 80 டிகிரிக்குப் போனால் அதன் பாகுத்தன்மை ஏறத்தாழப் பாதியாகிறது. கசிவு இன்னும் இரு மடங்கு. மூன்றாவதாக, கசியக் கிடைக்கும் நேரம். எஞ்சின் தானே ஓடும்போது நிமிடத்துக்குக் குறைந்தது 800 சுற்று. செல்ப் சுற்றும்போது 200 தான். ஒவ்வொரு அழுத்தலும் நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால் அவ்வளவும் கசிவுக்கு வாய்ப்பு. எட்டு, இரண்டு, நான்கு — பெருக்கிப் பாருங்கள். அறுபத்து நான்கு! துல்லியமான கணக்கு அல்ல இது. ஆயினும் குளிரில் கிளம்புகிற, ஓடத் தொடங்கினால் நன்றாகவே ஓடுகிற வண்டி, சூட்டில் மட்டும் கிளம்பாமல் நிற்பதை இது விளக்கிவிடுகிறது. இறக்கத்தில் உருட்டித் தள்ளு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்வதும் இதனால்தான். சக்கரங்கள் எஞ்சினைச் செல்ப்பைவிட வேகமாகச் சுற்றுவதால், டீசல் கசிந்தோட நேரம் இல்லை.

என் மாணவர் ஒருவரின் தந்தை தக்காளி ஏற்றும் பழைய பிக்கப் வைத்திருக்கிறார். மின்கலம் மாற்றினார், செல்ப் மோட்டார் மாற்றினார், எஞ்சினையே இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கும் யோசனையில் இருந்தவரின் மகன் வகுப்பில் பாகுத்தன்மைப் பாடம் முடிந்ததும் வந்து கேட்டான். வண்டி அடம்பிடித்த ஒரு நண்பகலில், ஈரமான கோணிச் சாக்கைப் பம்பின் மேல் சுற்றி, பத்து நிமிடம் விடச் சொன்னேன். எஞ்சினின் மற்றப் பகுதிகள் கொதித்துக்கொண்டிருக்க, பம்ப் மட்டும் குளிர்ந்தது. வண்டி அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. எஞ்சினை இறக்கும் பேச்சு அதோடு நின்றது. பம்ப் நாசில் பட்டறையில் தேய்ந்த தண்டையும் அதன் உறையையும் இணையாக மாற்றினார்கள். சில மெக்கானிக்குகள் இச்சோதனைக்குச் சூடான பம்பின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். அது தவறு. உறை திடீரெனச் சுருங்கி அந்த இரண்டு மைக்ரான் சந்தும் இல்லாமல் போனால் தண்டு இறுகிக்கொள்ளும்.

புதிய 'காமன் ரெயில்' வண்டிகளிலும் கதை ஏறத்தாழ இதுவே. கசியும் இடம் மட்டும் வேறு. பொதுக்குழாயில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறினால்தான் மின்னணுப் பெட்டி தெளிக்க அனுமதிக்கும். தேய்ந்த இன்ஜெக்டர்கள் வழியே இளகிய டீசல் திரும்பி ஓடிவிட்டால் அந்த அழுத்தம் சேராது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்புகுழாயிலும் ஓர் அளவுக்குடுவையை மாட்டி, எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டிப் பார்த்தால், எந்தக் குடுவை மற்றவற்றைவிட நிறைகிறதோ அதற்குரிய இன்ஜெக்டர்தான் கெட்டது. நான்கையும் ஒருசேர மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஆனால் அழுத்தக்குழாயை மட்டும் நீங்கள் தளர்த்திப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பம்ப், இன்ஜெக்டர் இரண்டுக்கும் உயவு எண்ணெய் என்று தனியாக எதுவும் போய்ச் சேருவதில்லை. டீசலே அவற்றுக்கு உயவு. அதில் கலந்த நீரும் மணல்துகளும்தான் இரண்டு மைக்ரானை நான்காக்குகின்றன. ஆகவே பழுது பார்க்கும் அன்றே வடிகட்டியையும் மாற்றி, நீர்ப்பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வண்டியைத் திரும்பப் பெறும்போது பட்டறை வாசலில் குளிர்ந்த எஞ்சினில் செல்ப் அடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, அணைத்து, பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.