வட்டக்கோட்டை: போரில் தோற்ற தளபதியே கட்டிய கோட்டை... யாரைத் தடுக்க?

கன்னியாகுமரிக்குப் போனால் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை என ஒரு ரவுண்டு முடிந்துவிடும். நேரம் இருப்பவர்கள் அடுத்து வண்டியைத் திருப்பும் இடம் வட்டக்கோட்டை. அஞ்சுகிராமம் போகும் வழியில் 6 கி.மீ. தாண்டினால் கடலை ஒட்டி நிற்கிறது.

பெயரை நம்பி வட்டமான கோட்டையைத் தேட வேண்டாம். இது செவ்வகம். சுமார் மூன்றரை ஏக்கர் பரப்பு, கருங்கல் சுவர், உள்ளே ஒரு குளம், மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டியவரை கடல். நாலு செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இதை யார் கட்டினார், யாரைத் தடுக்கக் கட்டினார் என்று பார்த்தால் கதையே வேற.

குளச்சலில் என்ன நடந்தது?

18-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மா. அன்றைக்கு எல்லா சண்டைக்கும் அடியில் இருந்தது மிளகு. மிளகு வியாபாரத்தை மன்னர் தன் கைக்குள் கொண்டுவர, டச்சு கிழக்கிந்திய கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில் இருந்து படையை அனுப்பி குளச்சலில் இறக்கியது. 1741-ல் அங்கே நடந்த போரில் டச்சுப் படை தோற்றது. ஆசியாவில் ஓர் அரசு ஐரோப்பியப் படையை வீழ்த்திய முக்கியமான போர்களில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

அப்போது சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் பிறந்த ஊர் ஆராஸ், இன்றைய பிரான்சில் இருக்கிறது. பிடிபட்டவரைத் தண்டிப்பதற்குப் பதிலாக மன்னர் அவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். கைதியாக வந்தவர் கடைசியில் திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன் என்றே அழைத்தார்கள். வட்டக்கோட்டையை இன்றைய வடிவில் கருங்கல்லால் கட்டி எழுப்பியது இவர் மேற்பார்வையில்தான். அதற்கு முன் இங்கே இருந்தது செங்கல் கோட்டை.

சுவர் ஏன் இவ்வளவு தடிமன்?

இங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமே இதுதான். சுவரின் உயரம் சுமார் 25 அடி. முன்பக்கத்தில் அதன் தடிமன் 29 அடி! மூன்று பஸ்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தலாம். மூலைகளில் 18 அடி, பின்பக்கத்தில் 6 அடிதான்.

காரணம் பீரங்கி. வில்லும் வேலும் இருந்த காலத்தில் கோட்டைச் சுவர் உயரமாக இருந்தால் போதும், எதிரி ஏற முடியாது. பீரங்கி வந்ததும் கணக்கு மாறியது. உயரமான மெல்லிய சுவர் குண்டு பட்டால் சரிந்துவிடும். அதனால் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினார்கள். இந்த மாற்றத்தில் முன்னால் நின்றது இத்தாலி. வெனிஸ் குடியரசு 1593-ல் கட்டத் தொடங்கிய பால்மனோவா நகரம் ஒன்பது முனை நட்சத்திர வடிவில் இருக்கும். இன்று அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வட்டக்கோட்டையில் அந்த நட்சத்திரம் கிடையாது. ஆனால் பீரங்கியை மனதில் வைத்துச் சுவர் எழுப்பும் அதே யோசனை இங்கேயும் இருக்கிறது.

சுவருக்கு மேலே போக ஒரு கல் சரிவுப் பாதை இருக்கிறதே, இன்று குழந்தைகள் ஓடி ஏறுகிற இடம், அது பீரங்கியை உருட்டி மேலே கொண்டுபோக. 29 அடி அகலம் இருந்தால்தான் பீரங்கியை நிறுத்தலாம், சுட்டதும் அது பின்வாங்க இடம் இருக்கும், வீரர்களும் நடமாட முடியும்.

யாரைத் தடுக்க?

கடலோரத்தில் இருப்பதால் கப்பல்களைத் தடுக்கத்தான் என்று நினைப்போம். அது பாதி பதில்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழி கணவாய். இப்போது காற்றாலைகள் சுற்றுகிற அதே வழி. நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்குள் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து படை வரவேண்டும் என்றால் அந்தக் கணவாய் வழியாகவோ கடலோரமாகவோ வர வேண்டும். அதனால் மலைக்கும் கடலுக்கும் நடுவே திருவிதாங்கூர் ஓர் அரண் வரிசையை எழுப்பியது. அதன் கடல் முனைதான் வட்டக்கோட்டை.

ஆக, இந்தச் சுவர் நெல்லைச் சீமையில் இருந்து வரும் படைக்கும் பதில். 1809-ல் வேலுத்தம்பி தளவாய் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழியை உடைத்து உள்ளே வந்தது. அதோடு அந்த அரணின் வேலை முடிந்தது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. இன்று அதே நெல்லையில் இருந்து டூரிஸ்ட் வேன்கள் வருகின்றன.

கோட்டைக்குள் பாண்டியரின் மீன் சின்னத்தையும் பார்க்கலாம். ஒருகாலத்தில் இது பாண்டியர் வசம் இருந்ததற்கு ஆதாரமாக அதைச் சொல்வார்கள். ஒரு மீனை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது, கல் இடம் மாறக்கூடியது.

போகும் முன்...

கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரில் பெயர் கிறுக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். கடலில் இருந்து பார்க்க நினைப்பவர்களுக்காக கன்னியாகுமரியில் இருந்து வட்டக்கோட்டை வரை 2023-ல் சுற்றுலாப் படகும் தொடங்கப்பட்டது.

டி லனாயின் கல்லறை இங்கே இல்லை. நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள் இருக்கிறது. 1777-ல் இறந்த அவருடைய கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் அவர் மகனின் கல்லறை. திருவிதாங்கூர் படைக்காகப் போரிட்டு 1765-ல் இறந்தவர். இறந்த இடம் களக்காடு, இன்றைய திருநெல்வேலி மாவட்டம்.